“கிளம்புடா மாப்ள” என்னும் மூடநம்பிக்கை

மதுரையில் பைக் வைத்திருக்கும் இளவட்டங்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு வேதவாக்கு தவறாமல் வந்து விழும்: பிளான் பண்ணினால் ட்ரிப் நடக்காது, நடந்த ட்ரிப் எதுவும் பிளான் பண்ணி நடந்ததில்லை. ஆதாரம் கேட்டால் போனைத் திறந்து, பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பைக் காட்டுவார்கள். கூடவே, வெள்ளிக்கிழமை ராத்திரி டீக்கடையில் யாரோ “கிளம்புடா மாப்ள” என்று சொல்ல, போட்ட சட்டையோடு கொடைக்கானல் போய் விடியலில் இறங்கி வந்த கதையும் இருக்கும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு தத்துவத்தையே எழுப்பிவிட்டார்கள். திட்டம் போடுவது ஆபீஸ்காரன் வேலை, பயந்தவன் வேலை, அப்பாக்கள் வேலை. போட்டது போட்டபடி கிளம்புவதுதான் துணிச்சல், அதில்தான் ‘வைப்’.

கொடைக்கானல் கதையை நான் மறுக்கவில்லை. ஒரு பைக், இரண்டு பேர், தார் ரோடு, வழியெல்லாம் டீக்கடை, மொத்தமே ஒரு ராத்திரி என்றால் யோசிக்க என்ன இருக்கிறது, கிளம்பலாம். அதே வாக்கை நம்பி எட்டு வண்டி, மூன்று நாள், மண்பாதை, ஆற்றுமணல், ராத்திரிக்குக் கூடாரம் என்று புறப்படுகிறார்களே, என் வழக்கு அவர்களோடுதான். அங்கே இந்த வாக்கு வெறும் சாக்கு. நாம் பட வேண்டிய சிரமத்தை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு, அதற்கு விடுதலை என்று பெயர் வைப்பது.

திட்டமில்லாத குழுப் பயணம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. எங்கே படுப்பது, தண்ணீருக்கு எங்கே போவது, ஒரு வண்டி படுத்துவிட்டால் மற்ற ஏழு பேர் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு யாராவது எப்போதாவது விடை கண்டுபிடித்தே தீர வேண்டும். கிளம்புமுன் நீங்கள் கண்டுபிடிக்காவிட்டால், கிளம்பிய பிறகு வேறொருவர் கண்டுபிடிப்பார். ராத்திரி ஒன்பது மணிக்கு எழுப்பப்பட்டு மோட்டார் போட்டுத் தண்ணீர் கொடுக்கும் தோட்டக்காரர், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டிலிருந்து எழுந்து வரும் பஞ்சர்க் கடைக்காரர், குழுவிலேயே மெதுவாக ஓட்டி எல்லோருடைய பேச்சையும் வாங்கிக்கொள்ளும் புதுப் பையன் இவர்களெல்லாம் உங்கள் திட்டத்தைச் சுமக்கிறவர்கள். திரும்பி வந்து “எல்லாம் தானா அமைஞ்சுச்சு” என்று சொல்கிறோம். தானாக எதுவும் அமையவில்லை; அமைத்துக் கொடுத்தவர் பெயரை நாம் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஊர்க்காரர் பக்கம் நின்று ஒருமுறை பாருங்கள். மேலூர்ப் பக்கமோ திருமங்கலத்துப் பக்கமோ ஒரு சிற்றூர். ஆடு களவு போவது இந்த ஊர்களில் அன்றாடக் கவலை. கோயில் உண்டியல் உடைபடுவதும் புதுச் செய்தி அல்ல. இருட்டிய பிறகு, முகம் தெரியாத ஹெல்மெட்டும் சேறு மூடிய நம்பர் பிளேட்டுமாக எட்டு வண்டிகள் கண்மாய் உள்வாயில் இறங்கி விளக்கை அணைத்தால் ஊர் என்ன நினைக்கும்? பத்துப் பேர் கம்போடு வருவார்கள். “நாங்க ரைடர்ஸ்ண்ணே, கேம்ப் போட வந்தோம்” என்பார்கள் இவர்கள். “யார்ட்டக் கேட்டு எறங்குனீங்க?” என்பார்கள் அவர்கள். அதற்கு இவர்களிடம் பதில் இருக்காது. மறுநாள் கதை ‘ஊர்க்காரங்க பிரச்சினை பண்ணிட்டாங்க’ என்று மாறிவிடும்.

அதே ஆட்களில் ஒருவர் முந்தின வாரம் பகலில் வந்து, ஊராட்சித் தலைவரையோ, மேலூர் நாட்டுப் பக்கமானால் அம்பலகாரரையோ பார்த்து, “சனிக்கிழமை ராத்திரி எட்டுப் பேர் தங்கிக்கிறோம்யா, தீ மூட்ட மாட்டோம், விடிஞ்சதும் போயிருவோம்” என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? “உள்வாய்ல வேணாம் தம்பி, பூச்சி பொட்டு கெடக்கும். அய்யனார் கோயில் திடல்ல படுங்க, அடிகுழாயும் பக்கத்துல இருக்கு” என்று அந்த ஊரே இடம் காட்டியிருக்கும். அரை நாள் வேலை, ஒரு சொம்புத் தண்ணீர், இரண்டு வார்த்தை. இந்தச் சமவெளியில் சொல்லாமல் கொள்ளாமல் நடுச்சாமத்தில் சவாரி வரும் உரிமை அய்யனார் ஒருவருக்குத்தான் உண்டு. அவருக்கும் ஊர் கூடிச் சாற்றித்தான் புரவி எடுக்கிறார்கள்.

ஊராவது வாய் திறந்து கேட்கும். கண்மாய்க்கரை கேட்காது. கரையின் உச்சி பல ஊர்களில் வண்டிப்பாதைதான். டிராக்டர் போகும், புல்லுக்கட்டோடு எக்செல் போகும். (மண்பாதை வண்டி என்று நாம் லட்சங்களில் விலை பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தச் சீமையின் அசல் மண்பாதை வண்டி அந்த எக்செல்தான். மதுரையில் முளைத்த டி.வி.எஸ். குழுமம் 1980இல் டி.வி.எஸ். 50 என்று இறக்கிய வண்டியின் பேரப்பிள்ளை அது.) காய்ந்த கரையின் உச்சியில் ஒழுங்காகப் போனால் யாருக்கும் நட்டமில்லை. ரீல்ஸுக்காகக் கரையின் சரிவில் ஏறுகிறார்களே, கேடு அங்கே தொடங்குகிறது. பட்டன் வைத்த டயர் சரிவில் சுழலும்போது முதலில் பெயர்வது புல். புல்லின் வேர்தான் அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரே இடத்தில் நாலு வண்டி ஏறினால் கைவிரல் ஆழத்துக்குத் தடம் விழும். ஐப்பசி மழை அந்தத் தடத்தைத் தனக்குப் போட்ட வாய்க்கால் என்று எடுத்துக்கொண்டு இறங்கும். விரல் ஆழம் முழங்கை ஆழமாகும். கண்மாய் நிறைந்து கலுங்கு மறுகால் பாயும் கார்த்திகை இரவில் மணல் மூட்டையோடு அந்த இடத்தில் நிற்கப் போவது நாம் இல்லை. எந்தக் கரை வண்டிப்பாதை, எந்தக் கரை இந்த வருடம் மண் போட்டு உயர்த்தியது, எதில் ஏறக்கூடாது என்பதெல்லாம் அந்த ஊரில் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்குத் தெரியும். அவரிடம் கேட்க ஒரு நாள் முன்னால் போக வேண்டும். திட்டம் என்று நான் சொல்வதில் பாதி இந்த மாதிரிக் கேள்விகள்தான்.

அடுத்து ஒரு வாதம் வரும்: “இதென்ன லடாக்கா? பொட்டல்காடு. ஒரு மணி நேரத்துல எந்தப் பக்கமும் மதுரை வந்துரும். இதுக்கு எதுக்குப் பிளான்?” எனக்குக் கோபம் வருவது இந்த வாதத்தின் மேல்தான். லடாக் போகிறவன் பயந்துகொண்டு போகிறான். ஆக்ஸிஜனை விசாரிக்கிறான், மருந்து எடுத்துக்கொள்கிறான், ராணுவம் திறந்து வைத்த பாதையில் ஓட்டுகிறான். சமவெளிக்குப் போகிறவன் செருப்போடு போகிறான்.

மண்ணிலிருந்தே ஆரம்பிப்போம். மதுரைக்கு வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலும் செம்மண், சரளை. மழை பெய்து வெயில் அடித்தால் சீக்கிரமே கால் ஊன்றலாம். தெற்கே திருமங்கலம் தாண்டிக் கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் இறங்கினால் கரிசல். காய்ந்த கரிசலில் வண்டி மெத்தையில் போவது மாதிரி போகும். அதே பாதையில் ஒரு மழை விழுந்த மறுநாள் போய்ப் பாருங்கள். மண் டயரில் ஒட்டும், ஒட்டிய மண்ணில் மேலும் மண் ஒட்டும். அரை பர்லாங்குக்குள் முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே களிமண் இறுகிச் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். என்ஜின் ஓடும், பின்சக்கரம் நின்ற இடத்திலேயே குழி பறிக்கும், முன்சக்கரம் கட்டிப்போட்ட மாதிரி நிற்கும். இறங்கிக் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு ஏறினால் இருபதடியில் மறுபடியும் நோண்ட வேண்டும். மட்கார்டையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உருட்டியவர்களை எனக்குத் தெரியும். அங்கே மலையும் இல்லை, பனியும் இல்லை. பருத்திக்காட்டு நடுவே எட்டு பைக்கும் எட்டு ஆண்பிள்ளைகளும், தார் ரோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். மழை எப்போது பெய்தது, பாதை எந்த மண் என்று முந்தின நாள் இரண்டு போன் போட்டிருந்தால் அன்றைக்கு வடக்கே திரும்பியிருக்கலாம்.

முள்ளைப் பற்றி மதுரைக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீமைக்கருவேலம் இல்லாத கண்மாய் இல்லை. வெட்டிப் போட்ட கிளை காய்ந்து பாதையில் கிடந்தால் முள் ஆணி மாதிரி இறங்கும். டியூப் போட்ட பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி, ஒட்டி, மாட்டிக் காற்றடிக்கக் கைபழகியவனுக்கும் முக்கால் மணி நேரம் ஆகும். எட்டு வண்டியில் ஒரு நாளைக்கு இரண்டு பஞ்சர் என்று வைத்தால் ஒன்றரை மணி நேரம் போச்சு. ரோட்டில் நாளைக்கு முந்நூறு கிலோமீட்டர் போகிறவர்கள் மண்பாதையில் எழுபது எண்பது போனாலே பெரிது. இதைக் கணக்கில் வைக்காமல் “அப்படியே உசிலம்பட்டி, எழுமலை, பேரையூர் சுத்திட்டு சாயந்திரம் காரியாபட்டி பக்கம் கேம்ப் போட்டுரலாம்” என்று கிளம்பினால், தை மாதத்தில் ஆறரை வாக்கில் இருட்டும்போது பாதி வழியில்தான் நிற்பார்கள். பிறகு இருட்டில் தெரியாத ஊரில் இறங்கி, கம்போடு வருகிறவர்களைச் சந்திக்க வேண்டியதுதான்.

தண்ணீர்க் கணக்கும் அப்படித்தான். வெயிலில் ஜாக்கெட், ஹெல்மெட்டோடு ஓட்டுகிறவனுக்குக் குடிக்க மட்டும் நாளைக்கு நாலைந்து லிட்டர் வேண்டும். எட்டுப் பேருக்கு முப்பத்திரண்டிலிருந்து நாற்பது லிட்டர். கடையில் வாங்கும் இருபது லிட்டர் கேனில் இரண்டு. அதை எந்த பைக்கில் கட்டுவது? கட்ட முடியாது. ஆகவே, ‘நல்ல வ்யூ’ இருக்கும் இடத்தில் கூடாரம் என்ற பேச்சே எடுபடாது. தண்ணீர் எங்கேயோ கூடாரம் அங்கேதான். பெட்ரோலுக்கும் இதே விதி. குழுவின் எல்லை சின்ன டேங்க் வைத்திருக்கிறவனின் எல்லை. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் நாள் முழுக்க ஊர்ந்தால், ரோட்டில் கிடைக்கிற மைலேஜ் மண்ணில் கிடைக்காது.

ஆற்றுமணலில் தூங்கும் ஆசையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வைகையைப் பார்த்துப் பார்த்து மதுரைக்காரனுக்கு ஆறு என்றால் காய்ந்தது என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. சோழவந்தான் பக்கம் நிலா வெளிச்சத்தில் மணல் விரிந்து கிடந்தால் கூடாரத்தை அங்கே விரிக்கத்தான் தோன்றும். மேலே ஒரு அணை இருக்கிறது. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. தேனிப் பக்கம் பெய்த மழைக்கு இங்கே வானத்தில் ஒரு மேகமும் இருக்காது. தண்ணீர் மட்டும் வந்து சேரும். நாளிதழில் நாள் தவறாமல் அணை நீர்மட்டம் போடுகிறார்கள். விவசாயி படிப்பான், நாம் சினிமா பக்கத்துக்குத் திருப்புவோம். அந்த ஒரு வரியைப் படிப்பதற்குப் பெயர்தான் திட்டம். அது படித்தவனுடைய த்ரில்லைக் குறைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கீழவளவு, திருவாதவூர் வட்டாரத்தில் கைவிடப்பட்ட கிரானைட் குவாரிகள் இன்னொரு கண்ணி. பச்சைத் தண்ணீர், செங்குத்தான வெட்டுச் சுவர், படத்தில் ஏதோ வெளிநாடு மாதிரி இருக்கும். விளிம்பு எங்கே முடிகிறது என்று இரவில் வருகிற பைக்குக்குத் தெரியாது, தண்ணீர் எத்தனை ஆள் ஆழம் என்று குதிக்கிறவனுக்கும் தெரியாது. அங்கே கூடாரமே வேண்டாம்.

பாம்பைச் சொன்னால் சிரிப்பார்கள். கட்டுவிரியன் தரையில் படுத்துத் தூங்குகிறவனை இரவில் கடிக்கும் பழக்கமுள்ளது. கடித்தது பெரும்பாலும் தெரியாது. வலியும் வீக்கமும் அதிகம் இருக்காது. விடியும்போது வயிற்றுவலி, கண்ணிமை தூக்க முடியவில்லை என்று ஆரம்பிக்கும். “நைட்டு சாப்பிட்ட பரோட்டாடா” என்று நண்பர்கள் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். நட்சத்திரம் பார்த்துக்கொண்டு வெறும் பாயில் படுப்பதைவிட, தரைத்துணி தைத்த, ஜிப் மூடிய கூடாரம் நல்லது என்பதற்கு இதுவே காரணம். விஷமுறிவு ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனால் படுக்கும் இடத்திலிருந்து எது பக்கம், மண்பாதையிலிருந்து 108 வண்டி வந்து ஏற்றக்கூடிய தார் ரோடு எது என்று குழுவில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 முதல் இருக்கிறது. அதுவும் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதானே.

சரி, இதெல்லாம் பாதுகாப்பு. ரசனை என்று ஒன்று இல்லையா, எல்லாம் முன்னாலேயே தெரிந்துவிட்டால் ஆச்சரியம் எங்கே என்று கேட்பார்கள். அந்த வாக்கின் உயிர் இருப்பது இந்தக் கேள்வியில்தான், ஆகையால் மதுரையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

இந்த ஊரின் மிகப் பெரிய பலநாள் குழுப் பயணம் எது? சித்திரைத் திருவிழாவில் அழகர் வருவது. அழகர்கோவிலிலிருந்து புறப்பட்டு, மூன்றுமாவடியில் எதிர்சேவை, தல்லாகுளத்தில் தங்கல், விடியலில் ஆற்றில் இறங்குதல், ராமராயர் மண்டபத்தில் தண்ணீர் பீய்ச்சல், வண்டியூரில் இரவு, தேனூர் மண்டபத்தில் மண்டூகருக்கு மோட்சம், மறுபடி ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம், பூப்பல்லக்கு, மலைக்குத் திரும்புதல். வழியில் நானூறுக்கு மேற்பட்ட மண்டகப்படிகள். எந்த நாள், எந்த மண்டபம், எத்தனை மணி என்று பத்திரிகை அடித்து முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். ஆற்றில் இறங்கும் நேரம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியும் லட்சக்கணக்கானவர்கள் ராத்திரி முழுக்க மணலில் விழித்துக் கிடக்கிறார்கள், என்ன நிறப் பட்டு உடுத்தி வருவார் என்று பார்க்க. பச்சையா சிவப்பா என்ற அந்த ஒரு திகிலைச் சுமக்கத்தான் மிச்சமெல்லாம் இத்தனை கெட்டியாக ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. அழகரும் “கிளம்புடா மாப்ள” என்று கிளம்பி வழியில் எங்காவது படுத்துக்கொள்ளலாம் என்றிருந்தால், பட்டின் நிறத்தைப் பார்க்க ஆற்றில் யார் இருப்பார்கள்?

மண்பாதையிலும் அதுதான் நடக்கிறது. இடமும் தண்ணீரும் தெரிந்தவனுக்குத்தான் சாயங்காலம் நாலரை மணிக்குச் சமணர்மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்திக் கால்மணி நேரம் சும்மா உட்கார மனசு வரும். தெரியாதவன் அந்த நேரத்தில் இடம் தேடிக்கொண்டிருப்பான். அவன் கண்ணுக்கு மலையும் தெரியாது மயிலும் தெரியாது, போனில் சிக்னல் கம்பி மட்டும் தெரியும்.

இன்னொரு வாதம் கொஞ்சம் நாகரிகமானது. நம் தாத்தாக்கள் கட்டுச்சோற்றைக் கட்டிக்கொண்டு வண்டி பூட்டி நாள்கணக்கில் போனார்களே, அவர்கள் என்ன எக்செல் ஷீட்டா போட்டார்கள்? போட்டார்கள். காகிதத்தில் இல்லை என்பதால் நமக்குத் தெரியவில்லை. அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டுக்கொண்டு ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் ஊர் ஊராய்ப் பெயர்கிற கூட்டத்தைப் பாருங்கள். மாதக்கணக்கில் வெட்டவெளியில் தங்கும் பயணம் அது. நம் இரண்டு ராத்திரிக் கூடாரமெல்லாம் அதன் பக்கத்தில் விளையாட்டு. ஆடு நகர்வதற்கு முன்னால், கிடைக்குத் தலைவரான கீதாரி நகர்கிறார். அடுத்த ஊருக்கு முதலில் தான் போய், எந்தப் புஞ்சை காலி, எத்தனை ராத்திரி, கிடைக்கூலி என்ன என்று நிலக்காரரிடம் பேசி முடித்து, தண்ணீரையும் போகும் வழியில் நிற்கிற வெள்ளாமையையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் மந்தை கிளம்பும். தைப்பூசத்துக்குப் பழனி போகும் நகரத்தார் காவடியைப் பாருங்கள். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக நடந்து போய், நடந்தே திரும்புகிறார்கள். நானூறு ஆண்டு வழக்கம் என்கிறார்கள். எந்த ஊரில் தங்கல், எங்கே சாப்பாடு என்பது தலைமுறை தலைமுறையாகத் தீர்ந்துபோன விஷயம். தாத்தாக்களைச் சாட்சிக்கு இழுக்கிறவர்கள் தாத்தாக்களிடம் விசாரித்துவிட்டு இழுப்பது நல்லது.

என் கட்சிக்கே எதிராக ஒரு கேள்வி உண்டு; அதையும் மறைக்கக்கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள்; 23 பேர் இறந்தார்கள். கருகிய நிலையில் பலரை மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். இந்த ஊர் அந்த நாட்களை மறக்கவில்லை. அவர்கள் டீக்கடையிலிருந்து கிளம்பியவர்கள் அல்லர். அழைத்துப்போன அமைப்பு இருந்தது, தேதி இருந்தது, வழிகாட்டிகள் இருந்தார்கள். பிறகு திட்டத்தால் என்ன பயன்?

பயண ஏற்பாடு வேறு, நிலத்தைக் கேட்டுப் போடும் திட்டம் வேறு என்பதே என் பதில். பஸ், சாப்பாடு, ஆள் எண்ணிக்கை, பணம் எல்லாம் ஏற்பாடு. மார்ச் மாதத்துப் புல் எப்படிக் காய்ந்திருக்கும், காற்று எந்தப் பக்கம் திரும்பும், தீ கண்டால் எந்த வழியில் இறங்குவது, எந்த நிலையில் பயணத்தையே கைவிடுவது என்பவை நிலத்திடம் கேட்கிற கேள்விகள். இவற்றைக் குழு கேட்காவிட்டால் யாராவது கேட்க வைக்க வேண்டும். அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்துவிட்டது. நடந்து போகிறவர்களுக்கான ஏற்பாடு அது. பைக்கை எடுத்துக்கொண்டு காப்புக்காட்டில் இறங்க அதில் இடமில்லை. எழுமலை, சாப்டூர்ப் பக்கம் மேற்கே கொஞ்சம் தள்ளினால் 2021இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் அடிவாரம் வந்துவிடும். “மேப்ல ரோடு காட்டுச்சு” என்று வனக்காவலரிடம் சொல்லிப் பார்க்கலாம். மேப் காட்டுகிற கோடுகளில் பாதி மாட்டுத்தடம், மீதியில் பாதி யாருடைய பட்டாவோ.

அரிட்டாபட்டியை வேறு ரைடு லிஸ்ட்டில் சேர்க்கிறார்கள். ஏழு குன்றுகள், சுனைகள், தமிழி எழுத்து, சமணர் படுக்கை, லகர் வல்லூறு என்று எல்லாம் சேர்ந்து 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமான இடம் அது. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனபோது ஊர் ஊராகத் திரண்டு போராடி, 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை ரத்து செய்ய வைத்தவர்கள் அந்த மக்கள். அவர்கள் காப்பாற்றிய பாறையில் சைலன்சரைக் கழற்றிய வண்டியை ஏற்றிக் காட்டுவதற்கு நாக்கில் வேறு சொல் வருகிறது, எழுத முடியாது.

கடைசியாக அந்தச் செத்துப்போன வாட்ஸ்அப் குரூப். பிளான் போட்டுத்தான் அது செத்தது என்கிறார்கள். நான் அப்படிப்பட்ட குரூப்புகளைப் படித்துப் பார்த்திருக்கிறேன். “எங்க போலாம்?” என்று ஒருவர், “எங்கனாலும் ஓகே” என்று மூன்று பேர், ஒரு ஜி.ஐ.எஃப்., “இந்த வாரம் கஷ்டம் மச்சி” என்று இரண்டு பேர், பிறந்தநாள் வாழ்த்து, அப்புறம் அமைதி. இதில் திட்டம் எங்கே இருக்கிறது? எல்லோரையும் கேட்டு எல்லோருக்கும் தோதான நாளைத் தேடியது தப்பு. எட்டுப் பேருக்கும் தோதான மூன்று நாள் பஞ்சாங்கத்தில் கிடையாது.

தேதியை நிலம்தான் சொல்ல வேண்டும். மதுரைச் சமவெளிக்கு அது தையின் பிற்பாதி முதல் மாசி நடு வரை. வடகிழக்கு மழை ஓய்ந்து கரிசல் காய்ந்திருக்கும், பல கண்மாய்களில் இன்னும் தண்ணீர் கிடக்கும், நெல் பெரும்பாலும் வீடு சேர்ந்திருக்கும், பங்குனி வெயில் இன்னும் வந்திருக்காது. அதற்குள் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறை இரண்டு பேர் உட்கார்ந்து குறித்துவிட வேண்டும். மற்றவர்களைக் கேட்க வேண்டாம், சொன்னால் போதும். வருகிறவர் முன்பணம் கொடுக்க வேண்டும். காசு கொடுக்காத ‘கண்டிப்பா வரேன்’ கணக்கில் சேராது. இருவரில் ஒருவர் முந்தின வாரம் பாதையை ஓட்டிப் பார்த்து, தங்கும் ஊரில் பேசிவிட்டு வர வேண்டும். ஓட்டும் நாளில் வழி தெரிந்தவர் முன்னால், நன்றாக ஓட்டுபவரும் பஞ்சர் சாமானும் கடைசியில், புதியவர்கள் நடுவில். ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் வருகிறவன் கண்ணில் படும் வரை நகரக்கூடாது. மெதுவாக ஓட்டுகிறவனின் வேகம்தான் அன்றைய வேகம்.

எட்டில் ஐந்து பேர் கழன்றுகொள்வார்கள், கழலட்டும். மூன்று பேர் தேறினால் கிளம்பிவிடலாம். அதற்குக் குறைந்தால் மண்பாதை வேண்டாம். ஒருவன் விழுந்து கால் முறிந்து கிடந்தால், ஒருவன் பக்கத்தில் இருக்கவும் ஒருவன் ரோட்டுக்குப் போய் ஆள் கூட்டி வரவும் மூன்று பேர் வேண்டும்.